செவியும் சான்றும்: குற்றால வாசிப்பு மரபு ஆய்வாளர்க்குக் காட்டும் நெறி

ஆய்வுச்சுருக்கம்

ஆய்வுக்காக நூல் படிப்போரிடம் மேற்கோள் தேடிப் படிக்கும் வழக்கம் பெருகியுள்ளது. ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் வளர்த்த செவிவழி வாசிப்பையும், உ.வே.சாமிநாதையர் கைக்கொண்ட சான்றுவழி வாசிப்பையும் ஒப்பிட்டு, ஆய்வாளர் இவ்விரண்டையும் எவ்வாறு இணைத்துக்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. திருக்குற்றாலக் குறவஞ்சி சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வாசிப்பு நெறி, டி.கே.சி., உ.வே.சா., வட்டத்தொட்டி, குற்றாலக் குறவஞ்சி, நன்னூல்

முன்னுரை

ஒரு நூலின் எண்வடிவப் படியில் வேண்டிய சொல்லைத் தேடி, அது வரும் வரிகளை மட்டும் எடுத்துக் கட்டுரை எழுதிவிடுதல் இன்று எளிது. இவ்வாறு எடுக்கப்பட்ட வரி, அதைச் சொல்வது யார், யாரிடம், எந்தச் சூழலில் என்னும் செய்திகளை இழந்துவிடுகிறது. தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குறவஞ்சியில் குற்றால மலையின் வளம் கூறும் பகுதி, புலவரின் இயற்கை வருணனையாகவே பலராலும் காட்டப்படுகிறது. நூலிலோ அது, வசந்தவல்லி கேட்க, குறத்தி தன் மலையைப் பெருமிதத்தோடு எடுத்துரைக்கும் மறுமொழி. முழுமையாகப் படித்தவர்க்கே இவ்வேறுபாடு புலப்படும்.

செவிவழி வாசிப்பு

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் டி.கே.சி.யின் இல்லத்தில் கூடிய இலக்கியக் குழு ‘வட்டத்தொட்டி’ எனப் பெயர் பெற்றது. பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் வாழ்ந்தபோது, அவ்வூர் இல்லமும் இலக்கிய அன்பர்கள் நாடி வரும் இடமாயிற்று. இராஜாஜி, கல்கி, நீதிபதி எஸ்.மகராஜன் முதலியோர் அவருடைய நண்பர் வட்டத்தில் இருந்தனர். 1954இல் மறையும் வரை அவர் இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை.

அவர் முறையின் அடிப்படை எளிமையானது. பாடலை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பொருளும் தாளமும் எங்கே நிற்கின்றனவோ அங்கே நிறுத்த வேண்டும். உணர்ச்சி பிடிபடும் வரை மீண்டும் படிக்க வேண்டும். படித்த பாடல்களின் எண்ணிக்கை அங்கே பொருட்டன்று. அகராதிப் பொருளுக்கு முன்பாகவே கவிதையின் தொனி கேட்போரைச் சென்றடைந்தது.

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. கம்பராமாயணத்தில் தம் செவிக்கு ஒவ்வாத பாடல்கள் பலவற்றை டி.கே.சி. இடைச்செருகல் என ஒதுக்கினார். சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். அறிஞர் பலர் இதனைக் கடுமையாக மறுத்தனர். நுண்ணிய சுவையுணர்வு ‘இங்கே ஏதோ பிறழ்ந்துள்ளது’ என்று ஐயுற வைக்கலாம். அவ்வையத்தையே முடிவாகக் கொள்ளும்போது, படிப்பவரின் சுவை புலவரின் பாடத்தை விலக்கி அவ்விடத்தில் அமர்ந்துவிடுகிறது.

சான்றுவழி வாசிப்பு

1880இல் கும்பகோணம் கல்லூரிக்கு ஆசிரியராகச் சென்ற உ.வே.சா. அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை எனப் பல நூல்களை முறையாகப் பாடங்கேட்டவர். அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்ட பிறகே, தாம் அறியாத பழைய இலக்கிய உலகம் ஒன்று இருப்பதை உணர்ந்தார்.

சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கியதும் அவர் செய்தவை இன்றைய ஆய்வாளர்க்கும் உரியவை. சமயக் கருத்துகள் விளங்காத இடங்களில் கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று கேட்டறிந்தார். நச்சினார்க்கினியர் உரையில் நூற்பெயர் சுட்டாமல் வந்த மேற்கோள்கள் எந்நூலைச் சேர்ந்தவை எனத் தேடினார். அத்தேடல் அவரைச் சங்க நூல்களிடம் கொண்டு சேர்த்தது. சிந்தாமணிப் பதிப்பு 1887இலும், திருநெல்வேலி, ஆழ்வார்திருநகரி முதலிய இடங்களில் ஏடு தேடிப் பெற்ற பின் பத்துப்பாட்டுப் பதிப்பு 1889இலும் வெளிவந்தன.

இரண்டும் இணையும் வரிசை

செவிவழி வாசிப்பு வினாவை எழுப்பும். சான்றுவழி வாசிப்பு அதற்கு விடை தேடும். முன்னதை விடுத்துப் பாடவேறுபாடுகளை மட்டும் தொகுப்பவர்க்கு எந்த வேறுபாடு முதன்மையானது என்பது தெரியாது. பின்னதை விடுத்தவர் தம் விருப்பத்தையே உண்மையாகக் கொள்வார். ஆகவே ஆய்வுக்குரிய நூலைப் பின்வருமாறு அணுகலாம்.

முதல் வாசிப்பில் குறிப்பு எழுதாமல், செய்யுளாயின் வாய்விட்டு, நூல் முழுவதையும் படித்தல் வேண்டும். குறவஞ்சியில் பல இடங்களில் ஒரே நிகழ்ச்சி விருத்தத்திலும் அடுத்துக் கீர்த்தனையிலும் வருகிறது. கண்ணால் மட்டும் படிப்பவர்க்கு இது கூறியது கூறலாகத் தோன்றும். ஓசையோடு படித்தால், விருத்தம் நிகழ்ச்சியை அறிவிக்க, கீர்த்தனை அதனை ஆட்டத்திற்கு உரியதாக்குகிறது என்பது விளங்கும்.

இரண்டாம் வாசிப்பில், இரு பதிப்புகளையேனும் அருகே வைத்து ஒப்பிட வேண்டும். குறிப்பேட்டில் நூல் சொல்வது, உரை சொல்வது, தமக்குத் தோன்றுவது ஆகியவற்றைத் தனித்தனியே எழுதினால், சில மாதங்களுக்குப் பின் உரையாசிரியர் கருத்தை நூலாசிரியர் கருத்தாகவோ தம் கருத்தாகவோ மயங்க நேராது. முதல் வாசிப்பில் செவி உறுத்திய இடங்களை இப்போது ஏடுகளாலும் பதிப்புகளாலும் சோதிக்கலாம். சான்று கிடைக்காத ஐயத்தை ஐயமாகவே குறித்துவைப்பது முறை.

மூன்றாவது, படித்ததைப் பிறர் முன் எடுத்துரைத்தல். ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் அறிவில் காற்பங்கே நிரம்பும். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு நிரம்பும். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு விளங்க உரைப்பதால் வருவது என்பது நன்னூல் பொதுப்பாயிரத்தின் கணக்கு. வட்டத்தொட்டி இக்கணக்கின் பிற்பாதியை நடைமுறைப்படுத்திய இடம் எனலாம்.

முடிவுரை

தமிழ்த்துறைகளில் கருத்தரங்குகள் பெருகிய அளவுக்குக் கூடிப் படிக்கும் வழக்கம் பெருகவில்லை. வாரம் ஒரு மணி நேரம், ஆய்வு மாணவர் ஐவர், ஒரு நூலின் இரு பதிப்புகள் இருந்தாலே ஒரு துறை இதனைத் தொடங்கிவிடலாம். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றொருவர் பாடவேறுபாட்டைச் சொல்ல, ஏனையோர் வினவலாம். ஆய்வேட்டின் மேற்கோள் எண்ணிக்கை இதனால் சற்றுக் குறையக்கூடும். ஆனால் எடுத்தாளும் ஒவ்வொரு வரியும் நூலில் எங்கே, யார் வாய்மொழியாக நிற்கிறது என்பதை ஆய்வாளர் உறுதியாகச் சொல்ல இயலும்.