அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகியன இந்தியாவில் நெடுங்காலம் உற்பத்தி செய்யப்பட்ட இரு குடும்பத் தானுந்துகள் (கார்கள்) ஆகும். 1980களின் தொடக்கம் வரை, புதிய கார் வாங்க விரும்பிய இந்தியக் குடும்பத்திற்குப் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றே கிடைத்தது. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு எரால்டு இவற்றிற்கு அடுத்த நிலையிலேயே இருந்தது.

தோற்றம்

இரண்டுமே 1950களின் ஐரோப்பிய வடிவமைப்புகள். மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துசுத்தான் மோட்டார்சு தயாரித்த அம்பாசடர், பிரித்தானியாவின் மொரிசு ஆக்சுபோர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டது. மும்பையின் பிரீமியர் ஆட்டோமொபைல்சு இத்தாலியின் பியட் நிறுவன உரிமத்துடன் 1964 முதல் தயாரித்த பியட் 1100 டிலைட், 1970களில் பத்மினி எனப் பெயர் மாற்றம் பெற்றது. பெயர் மாறிய பின்னரும் மக்கள் அதனைப் 'பியட்' என்றே அழைத்தனர்.

உற்பத்தி அளவை அரசு உரிமம் கட்டுப்படுத்தியதால், முன்பதிவு செய்தோர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே பலருக்கு எது சிறந்தது என்பதை விட எது முதலில் கிடைக்கும் என்பதே கேள்வியாக இருந்தது.

ஒப்பீடு

இரண்டிலும் பொறி முன்புறம் அமைந்து பின்சக்கரங்களை இயக்குகிறது. பின்புறத்தில் பட்டைவில் தாங்கிகள் உள்ளன. வேறுபாடு அளவில்தான் உள்ளது. அம்பாசடர் சுமார் 4.3 மீட்டர் நீளமும் 1489 கன செ.மீ. பொறியும் கொண்டது. பத்மினியின் நீளம் சுமார் 3.9 மீட்டர், பொறி 1089 கன செ.மீ.; எடையும் ஏறத்தாழ 200 கிலோகிராம் குறைவு. ஆகவே ஓரிருவர் மட்டும் செல்லும்போது பத்மினி பின்தங்குவதில்லை. ஐவரும் பெட்டிகளும் ஏறி மலைச்சாலையில் செல்லும்போது முதலில் திணறுவது அதுவே. மாறாக, நெரிசலான நகரத் தெருக்களில் திருப்பவும் நிறுத்தவும் பத்மினி எளிது. எரிபொருளும் குறைவாகவே செலவாகும். தாமே ஓட்டுவோர் பத்மினியையும், ஓட்டுநர் வைத்திருப்போரும் அரசு அலுவலகங்களும் பின்னிருக்கை விசாலமான அம்பாசடரையும் விரும்பியதன் காரணம் இதுவே.

பழைய மாதிரிகளில் கியர் மாற்றும் கோல் திசைமாற்றித் தண்டின் பக்கத்தில் இருந்தது. முன்னிருக்கையும் ஒரே நீள இருக்கையாக இருந்ததால், முன்னால் மூவர் அமர முடிந்தது. நடுவில் அமர்வது பெரும்பாலும் குழந்தைகளே.

பிற்காலம்

1983 இல் வெளிவந்த மாருதி 800 இரண்டின் சந்தையையும் சுருக்கியது. பத்மினியின் உற்பத்தி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றது. அம்பாசடரின் உற்பத்தி 2014 இல் நிறுத்தப்பட்டது. 20 ஆண்டு வயது வரம்பின்படி மும்பையின் கடைசிப் பத்மினி வாடகைக் கார் 2023 அக்டோபரில் சேவையிலிருந்து விலகியது. கொல்கத்தாவின் மஞ்சள் அம்பாசடர்களும் 15 ஆண்டு வரம்பினால் குறைந்து வருகின்றன.