பேட்மேனை உருவாக்கிய தெருத் திருடன்

ஜோக்கரை எல்லாருக்கும் தெரியும். ஜோ சில் யாருன்னு தெரியுமா? புரூஸ் வெய்னோட அப்பா அம்மா சாவுக்குக் காரணமான திருடன். 1939-ல் அந்தக் கதை முதல்ல வந்தப்போ இவனுக்குப் பெயரே கிடையாது. 1948-ல், பேட்மேன் 47-வது இதழில்தான் கிடைச்சது. அதில் பேட்மேன் முகமூடியைக் கழற்றி, தான் யாருன்னு இவனிடமே காட்டுறார். மிரண்டு ஓடிய சில், பேட்மேன் உருவாகக் காரணமே தான்தான்னு கூட்டாளிகளிடம் உளறுகிறான். கடுப்பான அவங்களே இவனைச் சுட்டுடறாங்க. ரகசியம் வெளிவரும் முன்னே உயிர் போயிடுது.

1989 படத்தில் கொலையாளியை ஜோக்கராகவே மாத்திட்டாங்க. அப்போ அது இரண்டு பேருக்கான பகையாகச் சுருங்கிடுது. கொன்னது யாரோ ஒரு சில்லறைத் திருடன்னா, ஊரில் எந்தச் சந்திலும் அவன் இருக்கலாம். புரூஸ் தினமும் ராத்திரி கிளம்ப அதுதான் காரணம். அடுத்த தடவை அந்தச் சந்துக் காட்சி வந்தா, துப்பாக்கி பிடிச்சவனையும் கொஞ்சம் கவனிங்க.