ஆடி முடித்த ஆட்டத்தை மீண்டும் ஆடிப் பார்ப்போம்

சதுரங்கம் ஆண்களின் விளையாட்டு என்றே எம்மில் பலர் நினைக்கிறோம். கொட்டாஞ்சேனையில் கூடும் எங்கள் பெண்கள் குழுவில் இன்று அதுவும் ஒரு பயிற்சி. நகர்வுகளை எழுதி வைத்து, ஆட்டம் முடிந்ததும் முதலிலிருந்து மீண்டும் ஆடிப் பார்க்கிறோம்.

அண்மையில் புதிதாகப் பழகும் இருவரின் ஆட்டம் நான்கே நகர்வில் முடிந்தது. இருவரும் ராஜாவின் முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினர். வெள்ளை மந்திரி சரிவாக வெளியே வந்தது. கறுப்பு, ராணிப் பக்கக் குதிரையை எடுத்தது. வெள்ளை ராணி பலகையின் ஓரத்துக்கு வந்தது. கறுப்பு மற்றக் குதிரையால் அதைத் தாக்கியது. ராணியோ, கறுப்பு ராஜாவை அடுத்த மந்திரியின் முன்னிருந்த சிப்பாயை வெட்டிச் செக்மேட் வைத்தது.

திரும்ப ஆடியபோது காரணம் தெரிந்தது. அந்தச் சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. குதிரைக்கு முன்னிருந்த சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தியிருந்தால் ராணியின் வழி அடைபட்டிருக்கும். அது முன்பக்கமாக வந்து மீண்டும் மிரட்டினால், அதே குதிரை இடையில் நின்று காத்திருக்கும்.

தோற்ற அக்கா சொன்னார்: "என்ர பிழைதான். அண்டைக்கும் ஒருநாள் முந்தி வெளிக்கிட்டிருந்தா மகன் இருந்திருப்பான்."

இதை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். பலகையில் எல்லாக் காய்களும் கண்முன் நிற்கின்றன. எமது நகர்வை நாமே தெரிகிறோம். போரில் அப்படியில்லை. 2007 ஜூன் 7 அன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உட்படக் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கானோர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஏற்றப்பட்ட பெண்கள் எந்த நகர்வைத் தவறவிட்டார்கள்?

வேரா மென்சிக் 1927இல் பெண்களுக்கான முதலாவது உலகச் சதுரங்கப் போட்டியில் வென்றவர். 1944 ஜூனில் ஜேர்மனியரின் பறக்கும் குண்டு லண்டனில் அவரது வீட்டில் விழுந்தது. தாயும் தங்கையும் அவருடன் மாண்டனர். எத்தனையோ நகர்வுகளை முன்கூட்டியே கணிக்கத் தெரிந்தவருக்கும் அந்தக் குண்டு தெரியவில்லை.

அந்த அக்கா மறுவாரமும் வந்தார். சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினார், ராணி பின்வாங்கியது. மகனைப் பற்றியும் நெடுநேரம் கதைத்தார். "ஏன் போகவில்லை?" என்று யாரும் கேட்கவில்லை. உங்கள் ஊர்ச் சங்கத்திலும் ஒரு பலகை வாங்கி வையுங்கள். ஆட்டத்தின் பிழைகளைச் சேர்ந்து தேடுங்கள். போரின் பிழையை எந்தத் தாயின் தலையிலும் ஏற்ற வேண்டாம்.