குழலுக்குள் கீரை

அடுப்பங்கரை ஊர்வலம் – 17

முதல் தடவை நான் கன்னெல்லோனி செய்தபோது, அதன் ஓரத்தைப் பல்லால் இழுத்துப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் கேட்டார்: "குரோம் லெதர் கம்பெனியை மூடிட்டாங்கன்னுல்ல நெனச்சேன்?"

வெளியூர்க்காரர்களுக்கு இந்த நக்கல் புரியாது. 1912-இல் ஜி.ஏ. சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் பல்லாவரத்தில் தொடங்கிய தோல் கம்பெனியிலிருந்துதான் எங்கள் குரோம்பேட்டைக்குப் பெயரே வந்தது. ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோல், குரோமிய உப்பில் ஒரே நாளில் பதமாகிவிடும். என்னுடையது 40 நிமிடத்தில் பதமாகிவிட்டது.

கன்னெல்லோனி என்றால் இத்தாலிய மொழியில் பெரிய குழல்கள். மெல்லிசாகத் தேய்த்த மாவுத் தகட்டில் பூரணத்தை வைத்துப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, தட்டில் நெருக்கி அடுக்கி, மேலே சாஸ் ஊற்றி அவனில் வைப்பது. ஜி.எஸ்.டி. ரோடு சூப்பர் மார்க்கெட்டுகளில் காய்ந்த குழலாகவே பெட்டியில் கிடைக்கிறது. அன்று நான் செய்தது அதில்தான். சாஸ் கெட்டியாக இருந்தால்தான் ருசி என்று நினைத்து, தக்காளியைத் தொக்கு மாதிரி சுருள வதக்கி மேலே பூசினேன். தட்டை மூடவும் இல்லை. குடிக்கத் தண்ணீர் கிடைக்காத குழல் வேறென்ன ஆகும்?

தப்பைக் கண்டுபிடித்தது நானில்லை, என் மாமியார். அவர் பாஸ்தாவை வாயில் வைத்ததே இல்லை. ஆனால் பிள்ளையார் சதுர்த்திக்கு நூறு கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்து, ஒன்றுகூட விரியாமல் இறக்குகிறவர். தட்டை ஒருமுறை பார்த்தார். "ஏம்மா, இது வேகறது சூட்டுலயா, ஆவியிலயா?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அவன் என்று பேர்தானே தவிர, உள்ளே குழலை வேகவைப்பது தண்ணீர். சாஸில் இருக்கிற ஈரம் ஆவியாகி, மூடிக்குள் சுற்றிச் சுற்றி வந்து மாவுக்குள் இறங்க வேண்டும். மேல்புறம் சிவப்பதற்கு மட்டும்தான் வறண்ட சூடு வேண்டும், அதுவும் கடைசிப் பத்து நிமிடம். எல்லாமே தண்ணீர்க் கணக்கு. கேன் தண்ணீர் வாங்கிச் சமைக்கிற ஊரில் இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கத்து நிலத்தடி நீரைத் தோல் கழிவு கெடுத்த கதையைத் தெருவுக்குத் தெரு சொல்வார்கள்.

மறு ஞாயிறு பெட்டிக் குழலை ஒதுக்கிவிட்டு மாவிலிருந்தே தொடங்கினோம். இத்தாலியின் வடக்கே மைதா போன்ற மென்கோதுமை மாவில் முட்டை உடைத்து ஊற்றிப் பிசைகிறார்கள். நூறு கிராமுக்கு ஒரு முட்டை. தெற்கே கடினக் கோதுமை ரவையும் தண்ணீரும், அவ்வளவுதான். எங்கள் வீட்டு அடுப்படியில் முட்டை ஏறாது. ஆகவே நாங்கள் தெற்கத்திக் கட்சி.

அந்தக் கடினக் கோதுமையைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். மளிகைக் கடையில் பன்சி ரவை என்று கேளுங்கள். வெள்ளை ரவையைவிட லேசாக மஞ்சளடிக்கும். மத்தியப் பிரதேசத்து மால்வா பக்கம் நிறைய விளைகிற இனம். நறநறப்பு போகும்வரை மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொண்டேன். 200 கிராம் மாவுக்கு 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். முதலில் சேராது, உதிரும். இன்னும் கொஞ்சம் ஊற்றக் கை பரபரக்கும். "மாவு கேக்கற தண்ணியைக் குடு. நீ குடுக்கற தண்ணியையெல்லாம் மாவு குடிக்காது" என்று மாமியார் என் கையைப் பிடித்துவிட்டார். பத்து நிமிடம் அடித்துப் பிசைந்து, ஈரத்துணி போட்டு முக்கால் மணி நேரம் விட்டோம். திறந்தபோது உதிரி மாவு காதுமடல் மாதிரி ஆகியிருந்தது. ரவை தண்ணீரை உறிஞ்ச எடுத்துக்கொண்ட நேரம் அது.

சப்பாத்திக் கட்டையே போதும், மிஷின் வேண்டாம். ஆனால் சப்பாத்தி கனத்தில் நிறுத்திவிடக் கூடாது. தகட்டைத் தூக்கிப் பிடித்தால் பின்னாலிருக்கும் உள்ளங்கை ரேகை மங்கலாகவாவது தெரிய வேண்டும். நாலு விரல் அகலச் சதுரமாக நறுக்கி, உப்புப் போட்ட கொதிநீரில் ஒரு நிமிடம், உடனே பச்சைத் தண்ணீரில் ஒரு முக்கு, பிறகு பழைய வேட்டியில் பரப்பல். பன்னிரண்டு தகடு வந்தது. இரண்டு கிழிந்தன. கிழிந்ததை மாமியார் நெய்யும் சர்க்கரையும் தொட்டுப் பேரனுக்கு ஊட்டிவிட்டார்.

பூரணம் பாலக்கும் பாலாடைக்கட்டியும். இத்தாலியர்கள் போடுவது ரிக்கோட்டா. அந்தப் பெயருக்கு மறுபடி காய்ச்சியது என்று பொருள். சீஸ் எடுத்தபின் மிஞ்சும் தண்ணீரைத் திரும்பச் சூடாக்கித் திரட்டுவது. சரி, நாமும் அப்படியே செய்வோமே என்று பனீர் எடுத்த தண்ணீரை அரைமணி காய்ச்சினேன். ஒரு துளி திரளவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் சீஸுக்குப் பாலை இளஞ்சூட்டில் உறைய வைக்கிறார்கள். ஒருவகைப் புரதம் தண்ணீரோடு தப்பிவிடும். நாம் பாலைப் பொங்கவிட்டு எலுமிச்சை பிழிவதால் அதையும் சேர்த்தே பிடித்துவிடுகிறோம். அதனால் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் ஒரு லிட்டரைத் திரித்து, பனீரை அழுத்திக் கட்டியாக்காமல் ஈரத்தோடு உதிர்த்துக்கொண்டேன். குறையே தெரியவில்லை. கீரையை மட்டும் வதக்கியபின் கை வலிக்கப் பிழியுங்கள். இரண்டு கட்டுப் பாலக் ஒரு எலுமிச்சை அளவுக்குச் சுருங்கும். அந்தத் தண்ணீர் உள்ளே இருந்தால் குழல் பிளக்கும். மிளகு, உப்பு, ஒரு சிட்டிகை ஜாதிக்காய். ஜாதிக்காய் நம் சேர்க்கை இல்லை, அவர்களுடையதே.

சாஸ் இந்த முறை ரசத்துக்கும் குழம்புக்கும் நடுவில். பெங்களூர்த் தக்காளியில் சதை உண்டு, புளிப்பு போதாது. பாதிக்குப் பாதி நாட்டுத் தக்காளி போட்டால் சரியாகும். தட்டின் அடியில் ஒரு கரண்டி, குழல்கள் மூழ்குமளவு மேலே, அதற்கும் மேல் வெண்ணெயில் மைதா வறுத்துப் பால் விட்டுக் காய்ச்சிய வெள்ளைச் சாஸ். அலுமினியத் தாள் போட்டு இறுக்க மூடி, 180 டிகிரியில் 25 நிமிடம். தாளை எடுத்துவிட்டு இன்னும் பத்து.

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடுவோமோ என்று நடுங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 1,500 வாட் ஓ.டி.ஜி. 40 நிமிடம் இடைவிடாமல் ஓடினால் ஒரு யூனிட். ஏ.சி.யைத் திட்டுங்கள், இதை விட்டுவிடுங்கள்.

இந்தக் குழல் இத்தாலியோடு நின்றுவிடவில்லை. ஸ்பெயினின் கத்தலோனியாவில் டிசம்பர் 26 அன்று வீட்டுக்கு வீடு இதுதான் சாப்பாடு. கிறிஸ்துமஸ் விருந்தில் மிஞ்சிய இறைச்சியை அரைத்துப் பூரணமாக்கிவிடுவார்கள். நம் சுண்டக்குழம்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. சிசிலியின் பலெர்மோ நகரிலோ ஈழத்தமிழர் ஆயிரக்கணக்கில் குடியேறி வாழ்கிறார்கள். அந்த ஊரின் பெயர்போன பாஸ்தாவும் அவனில் வைப்பதுதான்: மோதிரம் போன்ற சின்ன வளையங்களோடு கறி, பட்டாணி, பொரித்த கத்தரிக்காய். நம்மவர் வீடுகளில் அதில் மிளகாய்த்தூள் எவ்வளவு விழுகிறது என்று யாராவது பலெர்மோ வாசகர் எழுதினால் நன்றாயிருக்கும்.

அன்றைய தட்டு ஓரத்தில் கொதித்துக்கொண்டு, நடுவில் பொட்டுப் பொட்டாகச் சிவந்து வெளியே வந்தது. பத்து நிமிடம் ஆறவிட்டு வெட்டினோம். கத்தி இறங்கியது. வீட்டுக்காரர் எதுவும் பேசாமல் மூன்று குழல் சாப்பிட்டார். மாமியார் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு மென்றார். "சொப்பு பரவால்ல. பூரணத்துல உப்பு பத்தல."

ஓ.டி.ஜி. இல்லாதவர்கள் ஏக்கப்பட வேண்டாம். அதே தட்டை மூடி இட்லிப் பானையில் 20 நிமிடம் வையுங்கள். நன்றாக வேகும். மேலே சிவக்காது, அவ்வளவுதான்.

(தொடரும்)