வாசல் கோலமும் கைபேசியும்

"அரசியலெல்லாம் நமக்கெதுக்கு? அடுப்படி வேலையே தலைக்கு மேலே கிடக்கு!" என்று அலுத்துக்கொள்ளும் சகோதரிகள் உண்டு. ஆனால் நம் கோலப்பொடியே ஒருமுறை அரசியல் பேசியதே, நினைவிருக்கிறதா?

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆதரவும் எழுந்தது, எதிர்ப்பும் எழுந்தது. டிசம்பர் 29 அன்று சென்னை பெசன்ட் நகர்த் தெருவில் சில பெண்கள், சட்டம் வேண்டாம் என்று எழுதிக் கோலம் போட்டார்கள். அனுமதி இல்லையென்று போலீசார் அவர்களைப் பிடித்து வைத்து, பிறகு விடுவித்தார்கள். அதோடு முடிந்ததா? அந்தப் படங்கள் கைபேசிக்குக் கைபேசி பறந்தன. மறுநாளே தி.மு.க. தலைவர் ஸ்டாலின் வீட்டு வாசல் உள்பட, பல வாசல்களில் அதே கோலம்! தெருவில் நாலு பேர் பார்த்துப் போவதை நாடே பார்த்தது.

அரபு நாட்டுப் பெண்கள் இதை முன்பே செய்து காட்டினார்கள். எகிப்தில் அஸ்மா மஹ்ஃபூஸ் என்ற இளம்பெண், 2011 ஜனவரியில் முகத்தை மறைக்காமல் வீடியோவில் பேசி, 25ஆம் தேதி தஹ்ரீர் சதுக்கத்துக்கு வரும்படி மக்களை அழைத்தார். கூட்டம் பெருகவே, அரசு இன்டர்நெட்டையே துண்டித்தது. அப்படியும் மக்கள் கலையவில்லை. பிப்ரவரி 11இல் அதிபர் முபாரக் பதவி விலகினார்.

அதே ஆண்டு மே மாதம், சவுதி அரேபியாவில் மனால் அல் ஷரீஃப் தாம் கார் ஓட்டுவதைப் படம்பிடித்து வெளியிட்டார். ஒன்பது நாள் சிறை! பெண்கள் கார் ஓட்டத் தடை நீங்கியது 2018 ஜூனில்தான். அதற்குச் சில வாரம் முன்பு, அதே உரிமைக்குப் போராடிய லுஜைன் அல் ஹத்லூல் கைதானார். 2021 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார்.

இதையெல்லாம் எங்கள் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைக்கு வர்ணம் தீட்டும் ஒரு பெண்ணிடம் சொன்னேன். "கேக்க நல்லாத்தான் இருக்குக்கா. நம்ம பொண்ணு இப்படிப் பேசி கேஸு கீஸுன்னு வந்தா, யாரு போய் நிக்கிறது?" என்றாள். தாய்க்கு இந்தப் பயம் நியாயம்தான். அதற்காக மகளின் வாயைக் கட்டிவிட முடியுமா? விவரம் சொல்லிக் கொடுப்பதே மேல்.

* வந்த செய்தி உண்மையா என்று விசாரிக்காமல் பிறருக்கு அனுப்பக் கூடாது.

* பிறர் படத்தை, முக்கியமாகக் குழந்தைகள் படத்தை, சம்மதமின்றிப் போடக் கூடாது. வீட்டு விலாசம் தெரியவே கூடாது.

* ஆபாசமாகவோ மிரட்டியோ எழுதினால் பதில் எழுதாமல், அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு 1930 என்ற எண்ணைக் கூப்பிடக் கூடத் தேவையில்லை. அது பண மோசடிக்கு. மகளிர் உதவிக்கு 181 இருக்கிறது. சைபர் க்ரைம் போலீசிலும் புகார் தரலாம்.

* கோபத்தில் எழுதியதை ஒரு ராத்திரி வைத்திருந்து பார்க்கச் சொல்லுங்கள். பச்சை மண்ணைப் பிசைந்து திருத்தலாம். சூளையில் வெந்த பிறகு திருத்த முடியாது. வெளியே போன வார்த்தையும் அப்படித்தான்.

இத்தனையும் யோசித்த பிறகும் மகள் நியாயத்தைப் பேசத்தான் போகிறேன் என்றால், பக்கத்தில் நில்லுங்கள். அவளுக்கு முதல் பலம் அம்மாதானே!