கிட்னி பிரச்சினையா? தசையையும் கவனிங்க!

"கிட்னி பிரச்சினை வந்தாச்சு. இனிமே பருப்பு, முட்டை, மீன் எதுவும் கூடாது. ரெஸ்ட் எடுத்தா போதும்." நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பது தெரிந்ததும் பல வீடுகளில் போடப்படும் சட்டம் இது. அக்கறையில் சொல்வதுதான். ஆனால் சில மாதங்களில் தொடை மெலிந்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாத நிலை வந்துவிடலாம். சிறுநீரகத்தைக் காப்பாற்றும் அவசரத்தில் தசையைக் கோட்டை விடக் கூடாது.

தசை ஏன் கரைகிறது?

சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது ரத்தத்தில் அமிலத்தன்மை கூடும். அது தசையில் உள்ள புரதத்தைச் சிதைக்கும். உடலுக்குள் இருக்கும் அழற்சியும் பசியின்மையும் இதோடு சேர்ந்துகொள்ளும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. ஒருமுறை ஹீமோடயாலிசிஸ் செய்யும்போது சுமார் 6 முதல் 12 கிராம் அமினோ அமிலங்கள் வெளியேறிவிடும். வயிற்று வழி டயாலிசிஸில் தினமும் 5 முதல் 15 கிராம் புரதம் போய்விடும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கிரியேட்டினின் தசையில் இருந்துதான் உருவாகிறது. தசை குறைந்தால் அந்த அளவும் குறையும். அதனால், ஆள் மெலிந்துகொண்டே போகும்போது ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் இறங்கியிருந்தால், உடனே சந்தோஷப்பட்டுவிடாதீங்க. எடை குறைந்ததையும் டாக்டரிடம் சொல்லுங்க.

வீட்டிலேயே பார்க்கலாம்

• கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியில் இருந்து 5 முறை எழுந்து உட்காருங்க. மொபைல் ஸ்டாப்வாட்சில் 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் டாக்டரிடம் சொல்லுங்க. பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

• கெண்டைக்காலின் பருத்த பகுதியை இஞ்ச் டேப்பில் அளந்து பாருங்க. ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ. அளவுக்குக் கீழே இருந்தால் கவனம் தேவை. காலில் வீக்கம் இருந்தால் இந்த அளவை நம்ப முடியாது.

எவ்வளவு புரதம்?

இங்கேதான் குழப்பமே. டயாலிசிஸ் தேவைப்படாத நிலையில், உடல் எடையில் ஒரு கிலோவுக்குப் பொதுவாக 0.6 முதல் 0.8 கிராம் வரை தினசரிப் புரதம் போதும். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கணக்கு தலைகீழ். அப்போது 1 முதல் 1.2 கிராம் வேண்டும். அதாவது 60 கிலோ எடை உள்ளவருக்கு முன்பு 36 முதல் 48 கிராம், டயாலிசிஸ் ஆரம்பித்தபின் 60 முதல் 72 கிராம். பழைய பத்தியத்தையே டயாலிசிஸிலும் தொடர்பவர்கள்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள்.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் மீன் அல்லது கோழிக்கறியில் சுமார் 20 கிராம், 100 மி.லி. பாலில் சுமார் 3 கிராம் புரதம் இருக்கிறது. பாஸ்பரஸ் கூடுதலாக இருப்பவர்களுக்கு முட்டையின் வெள்ளைக்கரு நல்ல தேர்வு.

புரதம் மட்டும் போதாது. வயிறு நிறைய சாப்பிடாவிட்டால் உடல் அந்தப் புரதத்தையும் எரிபொருளாக்கிவிடும். கிலோவுக்கு 25 முதல் 35 கலோரி தேவை. பசி இல்லை என்றால் மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாகப் பிரித்துக் கொடுங்க.

பொட்டாசியம் அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தால் இளநீர், வாழைப்பழம் வேண்டாம். காய்களை நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, வடித்துவிட்டுச் சமைக்கலாம். 'சோடியம் குறைந்த உப்பு' வாங்காதீங்க. அதில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும். புரோட்டீன் பவுடரையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீங்க.

உடற்பயிற்சி: மெதுவாகத் தொடங்குங்க

சாப்பாடு தசைக்கு மூலப்பொருள். பயிற்சி இருந்தால்தான் அது தசையாக மாறும். வாரத்தில் 150 நிமிட மிதமான நடைதான் இலக்கு. முதல் நாளே 30 நிமிடம் நடக்க வேண்டியதில்லை. 5 நிமிடத்தில் தொடங்கி, வாரா வாரம் கூட்டுங்க. பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அது சரியான வேகம்.

நடையோடு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும்:

• நாற்காலியில் எழுந்து உட்காருதல், 8 முதல் 10 முறை
• சுவரைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குதல்
• சுவரில் கை ஊன்றித் தள்ளுதல்
• அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தூக்குதல்

டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போட்ட கையில் கனமான பொருளைத் தூக்காதீங்க. அந்தக் கைக்கான பயிற்சியை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்க. காய்ச்சல், கட்டுப்படாத ரத்த அழுத்தம், டயாலிசிஸ் முடிந்த களைப்பு இருந்தால் அன்றைக்கு ஓய்வு. பயிற்சியின்போது தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்துங்க. நெஞ்சுவலியோ கடும் மூச்சுத்திணறலோ என்றால் 108-ஐ அழையுங்க.

அரசு சேவைகள்

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தேவைப்படுவோருக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை கிடைக்கிறது. வயிற்று வழி டயாலிசிஸுக்கான திரவப் பைகளும் வீடு தேடி வருகின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் சிகிச்சை பெறலாம். விவரம் தெரியாவிட்டால் 104-ல் கேளுங்க. மொபைலில் இ-சஞ்சீவனி மூலம் டாக்டரிடம் பேசலாம்.

அடுத்த முறை ஆஸ்பத்திரி போகும்போது மறக்காமல் மூன்று கேள்வி கேளுங்க: வீக்கம் இல்லாத என் உண்மையான எடை எவ்வளவு? எனக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் புரதம்? எந்தப் பயிற்சி செய்யலாம்? பதில்களை மொபைலில் குறித்து, வீட்டில் சமைப்பவருக்கும் அனுப்பிவிடுங்க.