உஷார்! "சூடானா சரியாயிரும்" என்று வண்டியை எடுக்காதீர்கள்

காலையில் சாவியைத் திருப்புகிறீர்கள். எஞ்சின் இழுத்து இழுத்துத்தான் பிடிக்கிறது. பிடித்ததும் ஸ்டியரிங் உதறுகிறது, பின்னால் சைலன்சரில் 'பட்... பட்...' என்று விட்டுவிட்டுச் சத்தம். "ஒண்ணுமில்லண்ணே, குளிருக்கு அப்படித்தான். சூடானா சரியாயிரும்" என்கிறார் பக்கத்தில் நிற்பவர். இந்த வார்த்தையை நம்பி வண்டியை எடுக்காதீர்கள்.

எந்தக் குளிர்? மதுரைப் பக்கம் மார்கழி விடியலே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஸ்ரீநகரின் ஜனவரி உறைபனியில் கிளம்புகிற அதே மாடல் கார் சமயநல்லூரில் திணறினால், பழியைப் பனி மேல் போட முடியாது. வண்டிக்குள் ஏதோ கெட்டிருக்கிறது. சூடானதும் அது ஒளிந்துகொள்கிறது. அதிலும் நமக்கு ஆபத்து கூடுதல். வீட்டை விட்டுக் கிளம்பிய சில நிமிடத்தில் திண்டுக்கல் நாலுவழிச் சாலையில் நிற்போம். லாரிக்கு முன்னால் குறுக்கே கடக்கிற நேரம், ஆக்ஸிலேட்டரை மிதித்தும் இழுக்காமல் ஒரு விநாடி வண்டி அடங்கிப்போனால்?

எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. அதனால், கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சார் சொல்வதைக் கேட்டு, கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் விடும். தேய்ந்த பிளக், பலம் போன இக்னிஷன் காயில், கரி படிந்த த்ராட்டில், காற்றுக் குழாயில் வெடிப்பு, எது இருந்தாலும் அந்த முதல் சில நிமிடங்களில்தான் அம்பலமாகும். அந்தச் சென்சாரே தப்பாகச் சொன்னாலும் இதே உதறல்தான். சூடான வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினால் மெக்கானிக், "நல்லாத்தானே ஓடுது" என்பார். விடிந்ததும் அவரை வீட்டுக்கே வரச் சொல்லி, ஆறிய எஞ்சினை அவர் கையாலேயே ஸ்டார்ட் செய்ய வையுங்கள்.

மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்ட வேண்டும். அது சிமிட்டினால் ஓரங்கட்டி நிறுத்துங்கள், தயவுசெய்து. ஏதோ ஒரு சிலிண்டரில் தீ பிடிக்காமல், எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே போகிறது. பிளாட்டினம், பல்லேடியம் பூசிய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது. கன்வெர்ட்டர் தணலாகச் சிவந்து, உள்ளே இருக்கிற சல்லடை உருகி அடைத்துக்கொள்ளும். பிளக்கோடு முடிய வேண்டிய செலவு பல ஆயிரத்தில் போய் நிற்கும். பணம்கூடப் போகட்டும். அறுப்புக் காலத்தில் தேனூர், சோழவந்தான் பக்கம் ரோட்டிலேயே வைக்கோல் கிடக்கும். அதை அடியில் சுருட்டிக்கொண்டு சிவந்த கன்வெர்ட்டரோடு நிறுத்தினால், தீப்பிடிக்க வேறெதுவும் வேண்டாம்.

ஸ்கேனர் போட்டால் பி 0301, பி 0302 என்று கோளாறுக் கோடு வரும். கடைசி எண்தான் சிலிண்டர். 0302 என்று வந்ததும் புதுக் காயிலுக்குப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பிளக்குக்கு ஒரு காயில் இருக்கிற வண்டி என்றால், இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றி மாட்டி, கோடை அழித்துவிட்டு, மறுபடி ஓடவிடச் சொல்லுங்கள். கோடு 0303 என்று மாறினால் காயில்தான் காரணம். 0302-லேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், ஒயர் பக்கம் போக வேண்டும். வயலை ஒட்டிய வீடுகளில் ஒயரை முதலில் பாருங்கள். எஞ்சின் கதகதப்புக்கு ராத்திரி ஏறி வருகிற எலி கடித்து வைத்திருக்கும். ஓடுகிற எஞ்சினில் காயிலைப் பிடுங்கிப் பார்க்கிற பழைய வித்தையை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள். அதில் பாய்வது பல்லாயிரம் வோல்ட்.

இன்னொரு கேடு நல்லெண்ணத்தோடு வரும். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குண்ணே" என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போடுவது. விடவே விடாதீர்கள். எஞ்சின் 80, 90 டிகிரியை எட்டும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் மறிப்பது அந்த வால்வுதான். அது இல்லாவிட்டாலும், திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும், நாலுவழிச் சாலைக் காற்றில் எஞ்சினுக்கு வேண்டிய சூடு ஏறாது. இன்னும் ஆறித்தான் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழும், பிளக் கரி பிடிக்கும், மிச்சப் பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் அளவும் ஏறியிருந்தால் எஞ்சின் உள்ளே தேய ஆரம்பித்திருக்கலாம். வாடிப்பட்டி தாண்டியும் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வரவில்லையா? வால்வைச் சந்தேகப்படுங்கள். முள் இல்லாத சின்னக் கார்களில் நீல விளக்கு அணைய நெடுநேரம் ஆகும். ஸ்கேனரில் பி 0128 காட்டும்.

ஸ்டார்ட் செய்த சில விநாடி உதறல், அடங்காத வெள்ளைப் புகை, கூலன்ட் டப்பாவில் குறைந்துகொண்டே வரும் அளவு, மூன்றும் சேர்ந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அதற்கு மேல் ஓட்டாதீர்கள். போர் தண்ணீரை ஊற்றிச் சமாளிக்கவும் வேண்டாம். அந்த உப்பு ரேடியேட்டரை அரித்து அடைத்துவிடும். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும்.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஆறிய எஞ்சினில் ஆவியாகக் கூடுதல் சூடு கேட்கும். பழைய வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திப் போடுகிறவர்கள் ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இனி சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது. சூடாகட்டும் என்று, ஷட்டர் இறக்கிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டு காபி குடிக்கப் போகாதீர்கள். ஆறிய எஞ்சினில் பெட்ரோல் அரைகுறையாக எரியும். கன்வெர்ட்டரோ 300 டிகிரியை நெருங்கும்வரை வேலை செய்யாது. அந்த நேரம் வெளியேறும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் திறக்கும் கதவு வழியாகப் படுக்கையறை வரை போகும். இன்ஜெக்டர் வண்டியை நிறுத்திவைத்துச் சூடேற்றத் தேவையே இல்லை. ஷட்டரை முழுக்கத் தூக்குங்கள், வண்டியை உடனே வெளியே எடுங்கள், அரை நிமிடம் விடுங்கள். கோளாறு இல்லாத வண்டிக்கு, முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் விரட்டாமல் ஓட்டினாலே போதும்.